லிஃப்டுக்குக் கீழே ஏரி

ஈஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தால் ஷேர் ஆட்டோ பிடித்துக் கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கும் தனியார் கிளினிக்குக்குப் போவாள். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் புது அரசாங்க ஆஸ்பத்திரி தெரியும். ஊர் ஜனமெல்லாம் அங்கேதான் போய் வந்துகொண்டிருந்தது. அவள் பெற்ற இளைய மகள் சுமலதாவே அங்கே பிரசவ வார்டில் நர்ஸ். இருந்தும் ஈஸ்வரி அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை.

கேட்டால் வெடுக்கென்று சொல்வாள்: "பெத்த பொண்ணு மேல கால வெச்சிக்கினு போயி மாத்திரை வாங்கணுமா நானு?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த ஆஸ்பத்திரி நின்றது ஏரியில். ஏரி என்றால் பெயருக்கு ஏரி இல்லை, மழைக்காலத்தில் மறுகரை தெரியாத ஏரி. நாலுவழிச் சாலை வந்தபோது அதற்கு மண் வேண்டியிருந்தது. சிப்காட்டில் கம்பெனிகள் வந்தபோது அவற்றுக்கும் மண் வேண்டியிருந்தது. லாரிகள் வந்து இஷ்டத்துக்குத் தோண்டிக்கொண்டு போயின. தோண்டிய பள்ளத்தை மூடு என்று சொல்ல ஒரு நாதியில்லை. மழை பெய்து எல்லாம் ஒன்றாக நிரம்பியபின் எது முழங்கால் ஆழம், எது பனைமர ஆழம் என்று மேலே இருந்து யாருக்குத் தெரியும்? ஈஸ்வரியின் மூத்த மகள் பூமிகா பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சேற்றுக்காலைக் கழுவ இறங்கினாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. இறங்கினவள் ஏறவில்லை.

உடம்பை எடுத்து எரித்தார்கள். ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும், தண்ணீரில் போன கன்னிப்பெண் சுடுகாட்டோடு போய்விடுவதில்லை. அவள் அந்தத் தண்ணீரிலேயே இருப்பாள். பூவாடைக்காரி என்று பெயர். வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் முதலில் தண்ணீர்த் துறைக்குப் போய் அவளை அழைத்து, கலசத்தில் ஏற்றி, வீட்டுக்குக் கூட்டி வந்து, பாவாடை சட்டை, பூ, வளையல் வைத்துப் படைக்க வேண்டும். அவள் வந்துவிட்டாள் என்பதற்கு அடையாளம், வீட்டில் ஒருத்தர்மேல் இறங்கி ஆடுவாள். இந்த வீட்டில் எப்போதும் தாய்மேல்தான் இறங்குவாள். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அழைக்கும்போது அவள் பெயரைச் சொல்லக்கூடாது. 'கண்ணு, ஊட்டுக்கு வா' என்றுதான் கூப்பிட வேண்டும். பெயர் சொன்னால் செத்ததை நினைவுபடுத்துவது போல ஆகிவிடுமாம்.

ஏரி இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் ஒருநாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்து அளந்தார்கள். முன்பு எடுத்துக்கொண்டு போன மண்ணுக்குப் பதில் வேறு எங்கிருந்தோ மண் கொண்டுவந்து கொட்டி மூடினார்கள். ஜனம் பெருகிவிட்டது, ஆஸ்பத்திரி வேண்டும் என்றார்கள். வேண்டும்தான், யார் இல்லை என்றது? மேலே ஆஸ்பத்திரி எழும்பியது. கீழே பூமிகா இருந்தாள்.

இப்போது சுமலதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மோகன்ராஜ் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், தங்கமான பிள்ளை. தை மாதம் முகூர்த்தம். மண்டபம் பேசியாகிவிட்டது.

மிச்சம் கிடந்த ஏரி மூலைக்கு ஒருநாள் போய் அழைத்துப் பார்த்தார்கள். ஈஸ்வரியின் அண்ணன் கன்னியப்பன் பம்பை அடிப்பவர். கை வீங்குமட்டும் அடித்தார். ஈஸ்வரி கம்பம்போல நின்றாள், ஒரு மயிர்க்கால்கூடச் சிலிர்க்கவில்லை. கம்பெனிக் கழிவு கலந்து நுரைத்த அந்தத் தண்ணீரை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இங்க இல்லண்ணா அவ. கட்டடத்துக்குக் கீழ மாட்டிக்கினா."

வீட்டுக்கு வந்து ஒரே போடாகப் போட்டாள்: "பெரியவ வராம சின்னவ கல்யாணத்துக்கு நான் மண்டபத்துல கால் வெக்க மாட்டேன். நீங்க பண்ணிக்கோங்க."

சுமலதாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சின்ன வயதிலிருந்தே அந்த வீட்டில் அவள் இரண்டாவதுதான். தீபாவளிக்குப் புதுத்துணி முதலில் அக்கா படத்துக்கு. நர்சிங் படிப்பு முடித்துச் சான்றிதழ் கொண்டுவந்தபோது அதுவும் முதலில் அக்கா படத்துக்கு. செத்தவளோடு போட்டி போட்டு யார் ஜெயிப்பது? ஒரே ஒரு நாள், தாலி ஏறும் அந்த ஒரு நாள், அம்மா தன்னை மட்டும் பார்த்துக்கொண்டு எதிரே நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அதிகமான ஆசை இல்லை அது.

அந்த ஆத்திரத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மாட்டிக்கினா மாட்டிக்கினான்னா எங்கதான் போயி கூப்புட்றது? லிஃப்ட்டு குழியிலயா? அங்கதான் வருசம் முச்சூடும் தண்ணி நிக்குது. எவ்ளோ எறைச்சாலும் ஊறுது. அன்னிக்கு மோட்டார்ல கொரவ மீன் வந்து சிக்கிக்கிச்சாம்."

ஈஸ்வரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னா சொன்ன?"

சொன்னது சொன்னதுதான்.

லிஃப்ட் ஆபரேட்டர் ஸ்டீபனிடம் சுமலதா தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தாள். அவன் சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவன், சீறி விழுவான் என்று நினைத்தாள். அவனோ சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கூட்டினு வாங்க சிஸ்டர். ஞாயித்துக்கிழம மதியானம் ஓப்பி கெடையாது, ஈ காக்கா இருக்காது. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன முழங்கால்லயே நிக்க வெச்சிடும். இருந்தாலும் பரவால்ல. அந்த லிஃப்ட்டுக்கு எதனா ஒண்ணு பண்ணி ஆவணும்."

"ஏன்ண்ணா?"

"உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

சுமலதாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஐப்பசி மழையிலிருந்து அந்த லிஃப்ட் யாரும் பட்டனை அமுக்காமலே கீழ்த்தளத்துக்கு வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. உள்ளே ஆள் இல்லை. கொஞ்சநேரம் திறந்தே இருந்துவிட்டு மூடிக்கொள்கிறது. லிஃப்ட் கம்பெனி ஆட்கள் வந்து பிரித்துப் பார்த்துவிட்டுக் கோளாறு ஒன்றும் இல்லை என்று கையெழுத்து வாங்கிப் போனார்கள்.

அந்த மழையில்தான் ரமணம்மா செத்தாள். ஆந்திரா எல்லைப் பக்கமிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்தவள். பிரசவம் நல்லபடி ஆயிற்று, பெண் குழந்தை. அப்புறம் உதிரப்போக்கு நிற்கவில்லை. சென்னைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரோடு லிஃப்டில் ஏற்றினார்கள், கூடச் சுமலதாவும் ஏறினாள். இரண்டு தளத்துக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. அடியில் ஏரித்தண்ணீர் பொங்கி ஒயரில் ஏறிக் கரண்ட் அற்றுவிட்டது. ஸ்டீபன் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தும் கதவு சீக்கிரத்தில் அசையவில்லை. உள்ளே இருட்டில் ரமணம்மா சுமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: "பாப்பகு பாலு இச்சாரா அக்கா?" குழந்தைக்குப் பால் கொடுத்தீர்களா என்று. "குடுத்தாச்சிம்மா, குடுத்தாச்சி" என்று சுமலதா சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவைப் பெயர்த்தபோது அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

சுமலதா இதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. கல்யாணப் பெண் வாயில் இந்தப் பேச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈஸ்வரி, கன்னியப்பன், சுமலதா மூன்று பேரும் போனார்கள். சுமலதாவின் அப்பா இரும்பு ஆலையில் ஷிஃப்ட் இருக்கிறது என்று கழன்றுகொண்டார். உண்மையில் அவருக்குப் பயம். ஈஸ்வரி கேட்டுக்கு வெளியிலேயே செருப்பை விட்டாள். பளபளவென்ற அந்தத் தரையில் தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவள்போலச் சுவரோரமாகவே நடந்தாள். கன்னியப்பன் பம்பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். மேலே வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களே, அடிக்க முடியுமா?

ஸ்டீபன் லிஃப்டை முதல் மாடியில் நிறுத்தி மெயினை அணைத்தான். முக்கோணச் சாவி போட்டுக் கீழ்த்தளக் கதவைத் தள்ளினான். உள்ளே கன்னங்கரேலென்று தண்ணீர். டெட்டால் வாசனையை மீறிக்கொண்டு பாசியும் சேறும் கலந்த ஏரி வாசனை முகத்தில் அடித்தது. அந்த வாசனை சுமலதாவுக்குத் தெரிந்த வாசனை. அக்கா பாவாடையைச் சொருகிக்கொண்டு கரையில் ஓடிய காலத்து வாசனை.

ஈஸ்வரி தண்ணீரைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டாள்.

கன்னியப்பன் கற்பூரத்தை எடுத்தார். ஸ்டீபன் பதறினான்: "ஐயோ பெரியவரே, புகை பட்டா அலாரம் அடிச்சிடும்!"

கற்பூரமும் இல்லை, பம்பையும் இல்லை. மஞ்சள் தடவிய செம்பைக் கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீர் மொண்டு, வேப்பிலை செருகித் தரையில் வைத்தார்கள். பாவாடை சட்டை, பூ, வளையல் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்தார்கள். தரை துடைக்கிற பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று ஓரமாகக் கிடந்தது. கன்னியப்பன் அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு விரல்நுனியால் தட்டினார். குரலை ரகசியம் பேசுகிற மாதிரி இறக்கி அழைத்தார்.

"வா கண்ணு... ஊட்டுக்கு வா... வாசத் தெளிச்சி வெச்சிருக்கு, வெளக்கு ஏத்தி வெச்சிருக்கு... காத்துக்கினு இருக்காங்க, ஊட்டுக்கு வாம்மா..."

யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று சுமலதா படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டர் ஆர்எம்ஓ கண்ணில் பட்டால் வேலைக்கே உலை. சீக்கிரம் ஆடித் தொலையம்மா என்று மனதுக்குள் சபித்தாள்.

ஈஸ்வரியின் தோள் வெட்டியது. தலை சாய்ந்தது. கன்னியப்பன் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியா தாயி? எங்கூட்டுப் பொண்ணுதான?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு ஈஸ்வரி சிரிப்பாள், பூமிகாவின் கிளுகிளுச் சிரிப்பு. இந்தத் தடவை சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் தன் மார்பைப் பிடித்துக்கொண்டாள், பால் கட்டிய வலி தாங்காமல் பிள்ளை பெற்றவள் பிடித்துக்கொள்வதுபோல. முனகினாள். கண்ணைத் திறந்து நேராகச் சுமலதாவைப் பார்த்தாள்.

"பாப்பகு பாலு இச்சாரா அக்கா?"

ஸ்டீபன் "ஏசப்பா" என்று சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தான். பெற்ற தாய் மகளை அக்கா என்கிறாள். டப்பு, நைனா என்று நாலு சந்தை வார்த்தைக்கு மேல் தெலுங்கு அறியாதவள் வாயிலிருந்து அந்த வார்த்தை, அதே இழுப்போடு வருகிறது.

"இன்னாம்மா சொல்ற?" என்றார் கன்னியப்பன் விளங்காமல். "ஊட்டுக்கு வரியா?"

ஈஸ்வரியின் தலை வெறி பிடித்தாற்போல ஆடியது. வருகிறேன், வருகிறேன் என்று. ஆனால் கண் மட்டும் சுமலதாவை விடவில்லை.

"பாலு இச்சாரா?"

பயத்தில் அழுகை வந்தது சுமலதாவுக்கு. ஆனாலும் வார்டில் வாங்கிய பழக்கம், கேட்கிற நோயாளிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மண்டியிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுத்தாச்சிம்மா. பாப்பா நல்லாக்குது. சூளைல உங்க அத்தக்கிட்ட இருக்குது. பால் குடிச்சிட்டுத் தூங்குது."

அந்த உடம்பு ஒரு பெருமூச்சு விட்டுச் சரிந்தது.

ஈஸ்வரி தெளிய நேரமாயிற்று. ஆடுகிறவருக்கு ஆடும்போது பேசியது எதுவும் நினைவிருக்காது. அந்த நேரத்துக்குள் கன்னியப்பன் மருமகளை ஓரமாக இழுத்தார். ஸ்டீபன் அவரிடம் விஷயத்தை இரண்டு வார்த்தையில் சொல்லியிருந்தான்.

"வந்துட்டான்னு சொல்லிடு, போதும். பூமிகாவே வந்தான்னு சொல்லு. உங்கம்மாவும் சந்தோசமா மண்டபத்துக்கு வந்துடும். யாருக்குத் தெரியப் போவுது? இன்னா ஸ்டீபனு?"

ஸ்டீபன் பக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்தான்.

சுலபம்தான். ஒரே ஒரு வார்த்தை. சுமலதாவுக்கு நாக்கு நுனியில் நின்றது. அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மண்டபத்தில் எதிரே நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. திரும்பிக் குழியைப் பார்த்தாள். அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. பிள்ளை பெற்ற ரமணம்மா தங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் பெண்ணின் பாவாடையோடு உட்கார்ந்திருப்பாள், குழந்தை சூளையில் கிடக்கும். பூமிகா வந்துவிட்டாள் என்று எல்லோரும் நிம்மதியாகி, இனி இங்கே வந்து யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். இத்தனை வருடம் யாரை நினைத்துப் பொறாமைப்பட்டாளோ அந்த அக்காவை அங்கேயே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

ஈஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குழந்தைபோலக் கேட்டாள்:

"வந்தாளாடி? இன்னா சொன்னா? எம்மேல கோவமா இருக்காளா?"

"அக்கா வரலம்மா," என்றாள் சுமலதா. உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஈஸ்வரி அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று மூவரும் எதிர்பார்த்தார்கள். அவள் செம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நம்ம தப்புதான்," என்றாள். "ஏரியில அவ ஒருத்திதான் இருந்தா. பேர் சொல்லாம கூப்ட்டாலும் அவதான் வருவா. இது ஆஸ்பத்திரியாச்சே. ஊட்டுக்கு வான்னு கூப்ட்டா யாருதான் வராம இருப்பாங்க?"

எழுந்து குழியின் விளிம்புக்குப் போனாள். கட்டுப்பாடு எல்லாம் காற்றில் போயிற்று. "பூமிகா!" என்று வாய்விட்டுக் கத்தினாள். "ஏ பூமிகா! அம்மாடீ!"

அந்தச் சத்தம் தண்ணீரில் மோதி மேலே எல்லாத் தளத்துக்கும் ஏறிப் போயிற்று. எங்கோ வார்டில் ஒரு குழந்தை வீறிட்டது. வேறு பதில் இல்லை. தண்ணீர் இறைக்கிற மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது, அதற்கு நேரம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஏரி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

"ஒரு செம்புக்கு ஒருத்திதான் ஈஸ்வரி," என்றார் கன்னியப்பன். "இவள எறக்கி வுடாம அவள அழைக்க முடியாது."

"அப்போ இவள மொதல்ல அனுப்பு. பச்சப்புள்ளக்காரி."

அன்றைக்கே செம்பை எடுத்துக்கொண்டு செங்கல் சூளைக்குப் போனார்கள். ரமணம்மாவின் புருஷனுக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது, விஷயம் முழுக்கப் புரிந்தது. செம்பை இரண்டு கையாலும் வாங்கிக் குழந்தை தூங்கும் தூளிக்கு அடியில் வைத்தான். ஈஸ்வரி வளையலையும் பூவையும் அங்கேயே படைத்துவிட்டாள். பாவாடை சட்டையை மட்டும் மடித்து மடியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். மறுநாளிலிருந்து அந்த லிஃப்ட் தானாகக் கீழே வந்து நிற்பதை நிறுத்திவிட்டது என்று ஸ்டீபன் எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஈஸ்வரிக்கு அது சந்தோஷமான சேதி இல்லை. லிஃப்டை இறக்கியது ரமணம்மாதான், கீழே இருக்கிற பூமிகா வெளியே வரப் பார்க்கவே இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? கன்னியப்பன் இன்னொரு முறை அழைத்தார், இந்தத் தடவை பெயர் சொல்லியே. யாரும் வரவில்லை. பூமிகாவும் வரவில்லை, வேறு எவரும் வரவில்லை.

தை பிறந்தது. முகூர்த்தம் வந்தது. சுமலதா மணவறையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தாரை வார்க்கப் பக்கத்தில் அம்மாவின் இடத்தில் அத்தை நின்றாள். தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் மட்டும் கூட்டத்தில் இல்லை. பொய் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது.

சாப்பாட்டுப் பந்திக்குக்கூட நிற்காமல் மோகன்ராஜிடம் கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்குப் போலாமாங்க?" அவன் ஏன் என்று கேட்கவில்லை. மாலையும் கழுத்துமாகக் காரில் ஏறினார்கள்.

ஓப்பி நேரம், கீழ்த்தளம் ஜேஜே என்று இருந்தது. கல்யாணக் கோலத்தைப் பார்த்துக் கூட்டம் ஆச்சரியப்பட்டு விலகியது. லிஃப்டுக்கு எதிரே போட்டிருந்த இரும்பு நாற்காலியில் ஈஸ்வரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பாவாடை சட்டை. கண் லிஃப்ட் கதவில். பக்கத்தில் ஃபிளாஸ்க்கும் பையுமாக ஒரு வெளியூர் அம்மாள், யாரோ நோயாளிக்குத் துணையாக வந்தவள், பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில இருந்து பாக்கறேன், இங்கயே குந்திக்கினு இருக்கீங்களே. உள்ள யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"எம் பெரிய பொண்ணு உள்ள இருக்கா," என்றாள் ஈஸ்வரி. "இன்னும் டிஸ்சார்ஜ் பண்ணல."

சுமலதா அம்மாவின் காலில் விழுந்தாள், கூடவே மோகன்ராஜும் விழுந்தான். ஈஸ்வரி இருவர் தலையிலும் கை வைத்தாள். மகளை நிமிர்த்தி, தாலியைத் தொட்டுப் பார்த்து, கலைந்திருந்த நெற்றிச்சுட்டியைச் சரிசெய்தாள். முகத்தை ஆசை தீரப் பார்த்தாள்.

"இது யாருங்க, கல்யாணப் பொண்ணு?" என்றாள் வெளியூர் அம்மாள், வாய் பிளந்து.

"இது சின்னது. இது ஊட்டுக்குப் போவுது," என்றாள் ஈஸ்வரி. சொல்லிவிட்டு மறுபடி லிஃப்ட் பக்கம் திரும்பிக்கொண்டாள்.